பாலில் கலந்த சொல்

நம் சங்கத்தில் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பதை யாரும் மருந்து என்று சொல்வதில்லை. பூச்சித் தண்ணி என்கிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது. “ஏன் பாட்டி, மாத்திரை குடுத்தாலும் பூச்சித் தண்ணின்னே சொல்றீக?” சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை நீங்களே வேலையில் கற்றுக்கொள்வீர்கள்.

எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு அதைவிடக் குறைவு. மெதுவாகப் படியுங்கள்.

நான் சேர்ந்தபோது சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. பலகை கிடையாது. மாதாகோயில் சாமியார் ஒருவர் இருந்தார், ஒரு சைக்கிள் இருந்தது. கோயில் பங்கு ஒவ்வொன்றுக்கும் பால் காய்ச்ச ஒரு அண்டா இருந்தது. அவ்வளவுதான் சங்கம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பால் பவுடர் மூட்டைகள் தூத்துக்குடியில் இறங்கும். அங்கிருந்து ரயிலில் விருதுநகர் வரும். விருதுநகரில் இருந்து மாட்டு வண்டிகள் ஊர் ஊராகப் பிரியும்.

முதல் முறை மூட்டை இறக்கப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரயில் கூட்ஸ் ஷெட்டில் ஒரு பக்கம் மிளகாய் வத்தல் மூட்டைகள். அடுத்த பக்கம் எங்கள் பால் பவுடர். வத்தல் நெடியில் சுமக்கிறவர்கள் தும்முவார்கள். தும்மும்போது தோளில் இருக்கும் மூட்டை குலுங்கும். தையல் வழியாக வெள்ளைத் தூள் கிளம்பும். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் அந்தத் தூள் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. சிவப்புத் தூளும் வந்து அதோடு சேர்ந்தது. நான் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் திட்டவில்லை. அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த அண்டா நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீசின் கொட்டகையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சுவரில் மெழுகு வாடை போகவே இல்லை. விடிந்ததும் அடுப்பை மூட்டுவேன். தண்ணீர் கொதித்ததும் பவுடரைத் தூவுவேன். மரத்துடுப்பால் கிண்டுவேன். பிள்ளைகள் டம்ளரோடு வருவார்கள். என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலக்கா என்பார்கள்.

அந்த ஊரில் பாதிப் பெண்களுக்குப் பட்டாசு ஆபீசில் வேலை. மருந்து அடைப்பார்கள். அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. காலையில் ‘மருந்துக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வெள்ளிப் பவுடர் ஒட்டிய கையோடு திரும்புவார்கள். இறங்குகிற வெயிலில் அந்தக் கைகள் மட்டும் தனியாக நடந்து வருவதுபோல் இருக்கும். சேலையிலும் தூள் இருக்கும். கூந்தலிலும் இருக்கும்.

அதனால் கொட்டகையைச் சுற்றி, அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தோம். வேலைச் சேலையோடு வருகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டாள். நாங்கள் சொல்லி அல்ல. கோட்டைப் போடச் சொன்னதே அவர்கள்தான். தீயும் மருந்தும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பது அங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய் கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். பிள்ளை ஓடும்.

இனி சாமியைப் பற்றி. சாமி என்று நான் சொல்வது அந்த சைக்கிள் சாமியாரை. யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்துப் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் “மேல சொல்லுங்க” என்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவர். ஆனால் இதைச் செய், அதைச் செய் என்று அவர் சொன்னதாக ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

மழை ஏமாற்றிய வருஷம் அது. கடலை செடியிலேயே காய்ந்தது. ஆனைக்குட்டம் பக்கம் மாடுகள் தண்ணீர் தேடி அலைந்தன. பால் வாங்க வருகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். அப்போதுதான் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் வந்தார். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு நேராக எங்கள் ஊருக்கு. சின்ன வயது. ஊரில் சின்னச் சிஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். வந்த அன்றே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் பூச்சி. நாம் ஊற்றுகிற பாலைப் பூச்சிதான் குடிக்கிறது” என்றார் என்னிடம்.

அவர் சொன்னது சரி. வரிசையில் ராக்கு என்று ஒரு பெண் குழந்தை. சோலையம்மாளின் மகள். சோலையம்மாள் மருந்து அடைக்கிறவள். புருஷன் இல்லை. அவளுடைய நாத்தனார்தான் ராக்குவைத் தூக்கிக்கொண்டு வருவாள். கை கால் குச்சி. வயிறு மட்டும் பானை. சில நாள் குடித்த பால் அப்படியே வெளியே வரும். சிஸ்டர் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினார். கீழே விடவே இல்லை.

பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

“பிள்ளைகளே, நாளைக்கு எல்லாரும் கண்டிப்பாக வரவேண்டும். பாலில் மருந்து கலந்து தரப்போகிறோம்.”

பிறகு ஒரு பயல் கேட்டான்.

“எந்த மருந்து சிஸ்டர்? சரத்துக்குப் போடுறதா, வாணத்துக்குப் போடுறதா?”

“ஏலே, குடிச்சிட்டு அடுப்புப் பக்கம் போயிராத. டமார்னு போயிருவ.”

“நான் புஸ்வாணம்லே. மேல மேலதான் போவேன்.”

“நீ நமுத்த வெடிலே. ஒனக்கு எம்புட்டு ஊத்துனாலும் சத்தம் வராது.”

கொட்டகையே சிரித்தது. பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு வெடித்து விழுந்தார்கள். சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் காதில் சொன்னேன். அவரும் சிரித்தார். டம்ளரைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ‘நாளைக்குப் பாலுல மருந்து, நாளைக்குப் பாலுல மருந்து’ என்று தெரு முழுக்கப் பாடிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் விடிந்தது. அடுப்பை மூட்டினேன். பால் தயாரானது. யாரும் வரவில்லை.

பாலில் ஆடை படிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று அடித்தால் ஆடை சுருங்கும். நின்றால் விரியும். சிஸ்டர் கையில் பூச்சி மருந்துப் புட்டியோடு வாசலில் நின்றார். கோட்டுக்கு அப்பால் ஒரு நாய்கூட வரவில்லை.

தெருவுக்குள் போனேன். முதல் வீட்டில் எனக்குப் பழக்கமான ஒருத்தி சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மதினி, பிள்ளைகளக் காணோம்?”

“மேலுக்கு முடியல.”

“அம்புட்டுப் பிள்ளைகளுக்குமா?”

சுளகு நின்றது. “பாலக்கா, ஒங்கள நாங்க ஒண்ணும் சொல்லல. நீங்க காச்சச் சொன்னதக் காச்சுறீக. ஆனா கோயிலுக்கு ஆள் சேக்க பிள்ளைகளுக்கு மருந்து வைக்கிறாகன்னு ஊரே பேசுது.”

“யாரு சொன்னது?”

“யாரா? ஒங்க சின்னச் சிஸ்டர்தான். அவுக வாயாலேயே சொன்னாகளாமே.”

என்னால் இல்லை என்று சொல்லமுடியவில்லை. சொன்னார்தான்.

உங்களில் சிலர் வெளியூர். அதனால் விளக்குகிறேன். மருந்து என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் மூன்று பொருள். நோய்க்குக் கொடுப்பது ஒன்று. வெடிக்கு அடைப்பது ஒன்று. மூன்றாவது, சோற்றிலோ பாலிலோ தெரியாமல் கலந்து கொடுத்து ஒருவர் மனதைத் தன் பக்கம் திருப்புவது. அதை மருந்து வைக்கிறது என்பார்கள். சிஸ்டர் முதல் பொருளில் சொன்னார். பிள்ளைகள் இரண்டாவதில் சிரித்தார்கள். வேலை முடிந்து வந்த தாய்மார் காதில் மூன்றாவதாக விழுந்தது.

வைத்த மருந்தை எடுக்கவும் ஆள் உண்டு. எங்கள் ஊரில் சுப்பம்மாள். ஒரு பச்சிலைச் சாறு கொடுப்பாள். குடித்தவர் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுப்பார். வந்ததில் ஒரு கட்டியை எடுத்துக் காட்டுவாள். ‘பாத்துக்கோ, இதான்.’ அவள் தேடிக் கிடைக்காமல் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சோலையம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். ராக்கு பாயில் கிடந்தது. நாத்தனார் சொன்னாள்: “நாளைக் காலையில சுப்பம்மா எடுக்கப்போறா. எங்க மதினியே வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டுட்டு வந்திருச்சு.”

திரும்பிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“அந்தக் குழந்தை இன்னொரு தடவை வாந்தி எடுத்தால் தாங்காது. உடம்பில் தண்ணீரே இல்லை. செத்துப்போகும்.”

மத்தியானம் சாமி சைக்கிளில் வந்தார். சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாய்மாரைக் கூட்டி விளக்கிச் சொல்லவேண்டும் என்றார் சிஸ்டர். புட்டியைக் காட்டவேண்டும், தானே எல்லார் முன்னாலும் குடித்துக்காட்ட வேண்டும் என்றார்.

“குடிச்சா என்ன சொல்லுவாக தெரியுமா?” என்றார் சாமி. “அவுகளுக்கு ஏற்கெனவே வச்சாச்சு, அதான் கன்னியாஸ்திரியாகிட்டாகன்னு சொல்லுவாக.”

சிஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“நீ என்னத்தா நினைக்கிற?”

“எடுக்கிறத நிறுத்தமுடியாது சாமி. வெத்தல வாங்கியாச்சு. எங்கன வச்சு எடுக்கிறதுங்கிறத வேணா கேட்டுப் பாக்கலாம்.”

“கேட்டுப் பாரு” என்றார். சைக்கிளைத் திருப்பினார். வேறு ஊர்களிலும் பேச்சு பரவியிருந்தது. அங்கேயும் அண்டாக்கள் ஆடை படிந்து கிடந்தன. அவர் போகவேண்டியிருந்தது.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அவர் தங்கவில்லை. தங்கியிருந்தால் எங்களுக்குத் தைரியமாக இருந்திருக்கும். ஆனால் ஊருக்கு அது சாமியாரும் சுப்பம்மாளும் போடுகிற சண்டையாகிப் போயிருக்கும்.

சுப்பம்மாள் வீட்டு வாசலில் வேப்பங்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு. பெரிய குரல். என்னைக் கண்டதும் சொன்னாள்.

“வா ஆத்தா பாலக்கா. எனக்கும் கலந்து கொண்டாந்திருக்கியா?”

“ஒனக்கு வச்சு யாரு சீரழியறது?”

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நானும் வேப்பங்கொட்டையைப் பரப்பினேன்.

“சோலையம்மா பிள்ளைக்கு நாளைக்கு எடுக்கப்போறியாமே?”

“ஆமா. தடுக்க வந்தியா?”

“இல்ல. எங்க கொட்டகையில வச்சு எடுக்கச் சொல்ல வந்தேன்.”

கை நின்றது. “என்னத்துக்கு?”

“அங்கனதான வச்சதாச் சொல்றாக. வச்ச எடத்துலேயே எடுத்தா ஊரு பாக்கும்ல? எங்களுக்கும் தெரியணும்.”

என்னைக் கூர்ந்து பார்த்தாள். ஏதோ சூது என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன சூது என்று தெரியவில்லை. உண்மையில் எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சிஸ்டர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வார் என்பது மட்டும்தான் என் கணக்கு.

“ஒங்க சிஸ்டரு கத்தும்.”

“கத்தாது.”

“கட்டி வந்துச்சுன்னா ஒங்க அண்டாவக் கவுத்திட்டுப் போகவேண்டியதுதான். தெரியும்ல?”

“தெரியும்.”

“வாரேன்” என்றாள்.

மறுநாள் காலை பனிமூட்டம்போல் ஊரின் அடுப்புப் புகை படிந்திருந்தது. காற்றே இல்லை. வழக்கம்போல் பாலை ஏற்றினேன். யாருக்கு என்று தெரியாது. ஆனால் அடுப்பு எரியாத கொட்டகையில் வைத்து எடுத்தால் நாங்கள் பயந்துவிட்டோம் என்று ஆகும். அதனால் ஏற்றினேன். அண்டா நிறையப் பால்.

ஊர் வந்தது. வேடிக்கை பார்க்கத்தான். பெண்களும் பிள்ளைகளும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகள் பாலைப் பார்த்தார்கள். தாய்மார் பிள்ளைகளின் தலையைத் திருப்பிவிட்டார்கள். மருந்து ஆபீசுக்குப் போகிறவர்கள் அதிகாலையிலேயே போய்விட்டார்கள். சோலையம்மாளும் போயிருந்தாள். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் ஆபீசில் இடம் இல்லை. பட்டாசுச் சீசன் நேரம்.

நாத்தனார் ராக்குவைக் கொண்டுவந்து சுப்பம்மாள் மடியில் போட்டாள். சுப்பம்மாள் தேங்காய்ச் சிரட்டையில் சாறு வைத்திருந்தாள். பச்சை நிறம். சிஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது. கத்தவில்லை.

சுப்பம்மாள் பிள்ளையின் வயிற்றைத் தடவினாள். முதுகைத் தடவினாள். சிரட்டையை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பிள்ளையின் தலை பின்னால் சரிந்தது. கண் மேலே செருகியது. சாறு இன்னும் உதட்டில் படவில்லை.

“பிள்ள போயிருச்சு!” என்று யாரோ கத்தினார்கள்.

“பால் வாடையிலேயே மருந்து ஏறிருச்சு!”

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு சோலையம்மாளைக் கூப்பிட வெளியே ஓடினாள். ஆபீஸ் பக்கத்தில்தான். சிஸ்டர் ஒரே எட்டில் வந்து பிள்ளையைச் சுப்பம்மாள் மடியிலிருந்து வாங்கினார். சுப்பம்மாள் தடுக்கவில்லை. சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தூக்கிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு உதட்டில் தடவினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை.

அப்போது சோலையம்மாள் வந்தாள்.

தூரத்தில் பார்த்தேன். வெளிச்சம் ஓடிவருகிறமாதிரி இருந்தது. முழங்கை வரை வெள்ளி. சேலை முன்புறம் முழுக்க வெள்ளி. கூந்தல் அவிழ்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இந்த வயதிலும் கண்ணை மூடினால் அப்படித்தான் வருகிறாள். வந்துகொண்டே இருக்கிறாள்.

கோட்டில் நிற்பாள் என்று நினைத்தேன். எப்போதும் நின்றவள். நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டினாள். வழியில் அடுப்பு. அடுப்பைத் தாண்டித்தான் பிள்ளை. சுவரோரம் நின்ற பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. நில்லு என்று கத்தினாலும் அவள் காதில் விழாது.

யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். துடுப்பை அண்டாவுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன்.

அண்டா சாய்ந்தது. அம்புட்டுப் பாலும் அடுப்பின் மேல் போனது. ஒரு பெரிய சீறல். அப்புறம் வெள்ளை. வேறு ஒன்றும் கிடையாது. ஆவியா, புகையா, சாம்பலா தெரியவில்லை. கொட்டகையே வெள்ளையாகிப்போனது. பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையையும் கங்கின் மேல் கவிழ்த்தேன். கால் சுட்டது. அது அப்போது யாருடைய காலோபோல் இருந்தது.

அந்த வெள்ளைக்குள் இருந்து சோலையம்மாள் வந்தாள். கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. பால் அவளுடைய பாதத்தைச் சுற்றி ஓடியது. அதில் மிதித்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் விழுந்தாள்.

“ராக்கு. ஏ ராக்கு.”

தாய்க் குரல் கேட்டதும் பிள்ளை பல்லைத் திறந்தது. சிஸ்டர் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார். விழுங்கியது. மறுபடி விட்டார். விழுங்கியது. இன்னொரு பெண் தண்ணீர் கொண்டுவந்து சோலையம்மாளின் கையைக் கழுவிவிட்டாள். அதற்கு அப்புறம்தான் பிள்ளையைத் தொட்டாள். கழுவியும் விரல் நுனியில் வெள்ளி இருந்தது.

பால் மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காய்ந்த வருஷம் அது. கீழே ஓடுகிற பாலை யாரும் அப்படி ஒரு கண்ணால் பார்த்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சுப்பம்மாள் எழுந்தாள். சிரட்டை இன்னும் கையில் இருந்தது. அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்.

“மருந்து வைக்கிறவளுகளை எனக்குத் தெரியும். இத்தன வருசமா அவளுகளோடதான் எம் பொழப்பு. மருந்து கலந்தவ ஒரு சொட்டுச் சிந்த விடமாட்டா. வழிச்சு வழிச்சுத்தான் குடுப்பா. இவ அண்டாவோட கொட்டுறா.”

சிரட்டையில் இருந்த சாற்றை அவிந்த அடுப்பில் ஊற்றினாள்.

“அப்ப பிள்ளைக்கு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வயித்தத் தொட்டேன்ல? பூச்சி நெளியுது. அதுக்கு நான் வேண்டாம், அந்தச் சின்னக்குட்டி போதும்” என்று சிஸ்டரைக் காட்டினாள். “ஏத்தா, நீ குடுக்கிறது என்னது?”

சிஸ்டர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

“பூச்சித் தண்ணி” என்றார்.

“அதச் சொல்லவேண்டியதுதான மொதல்லேயே” என்றாள் சுப்பம்மாள். வெளியே போனாள். கோட்டுக்கிட்டே போனதும் திரும்பினாள். “வாங்குன வெத்தலையத் திருப்பித் தரமாட்டேன். ஆமா.”

சாயங்காலம் சாமி வந்தார். என் காலில் சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பால் முழுக்கப் போய்விட்டது என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.

“அந்தச் சுப்பம்மாளுக்குக் கொஞ்சமாவது குடுத்தீகளா?”

“எங்க சாமி, அதான் அம்புட்டும் கொட்டிருச்சே.”

“நாளைக்குக் குடுங்க” என்றார். கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே ஊர் ஊராகப் போய் எல்லாக் கொட்டகையிலும் பூச்சித் தண்ணி என்ற சொல்லைச் சொல்லிவிட்டு வந்தார். அப்படித்தான் அது நம் சங்கத்துக்குள் வந்தது.

நீங்கள் நிறையப் படித்திருக்கிறீர்கள். போகிற ஊரில் போய் முதலில் பேசாதீர்கள். ஒரு சொல் அந்தத் தெருவில் யார் யார் வீட்டில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். அது தெரிந்த பிறகும் தப்பு வரும். வந்தால் விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணுக்கு முன்னால் யார் ஓடிவருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

மறுநாள் விடியலில் ஒற்றைக்காலில் நின்று அடுப்பு மூட்டினேன். கீழே மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. எறும்புகள் வந்திருந்தன. பால் காய்ந்தது. யாரும் இல்லை. ஆடை படியத் தொடங்கியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய உருவம். கையில் செம்பு.

“நேத்து போற வழியில சாமியார் சொன்னாருன்னு வந்தேன்” என்றாள் சுப்பம்மாள். “ஊத்து. மருந்து இல்லாமத்தான ஊத்துற?”

“ஒனக்கு மட்டும் தனியாக் கலந்து வச்சிருக்கேன்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பெரிய சிரிப்பு. தெருவுக்குள் போயிருக்கவேண்டும். அவள் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டு நிற்கையில், புகைக்கு அப்பால் எங்கோ ஒரு டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. யார் என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

முதலில் தெரிந்தது சோலையம்மாள். வேலைக்குப் போகுமுன் துவைத்த சேலையோடு வந்திருந்தாள். இடுப்பில் ராக்கு. பழக்கத்தில் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

“தாண்டி வாங்க” என்றேன். “இன்னைக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல.”

அவள் காலை எடுத்து வைத்தாள். ராக்கு டம்ளரை நீட்டியது. டம்ளரின் வெளிப்புறத்தில் தாயின் கட்டைவிரல் ரேகை வெள்ளியாகப் பதிந்திருந்தது. துடைக்காமல் அப்படியே ஊற்றினேன்.